பெயின்ட் கடை கிடைத்தாயிற்று, வால்தான் இன்னும் மேஜையில் கிடக்கிறது

நேற்று ராத்திரி 3,000 டாலர் அட்வான்ஸ் அனுப்பிவிட்டேன். பெயின்ட் கடை தேடி எட்டு மாதம் அலைந்தது ஒருவழியாக முடிந்தது. அக்டோபர் முதல் வாரம் எங்கள் சின்ன விமானம் செரோக்கி, பெயின்ட் அடிக்க அர்கன்சாவில் உள்ள மேனாவுக்குப் போகிறது. ஹூஸ்டனிலிருந்து எங்கள் வேகத்தில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். மலைகளுக்கு நடுவில் சின்ன ஊர், ஆனால் விமானப் பெயின்ட் வேலைக்குப் பேர் போனது.

விமானம் 1972 செரோக்கி 140. பங்காளிகள் மூன்று பேர். முந்தைய சொந்தக்காரர் கால்வெஸ்டன் கடற்கரையில் வெட்டவெளியிலேயே நிறுத்தி வைத்திருந்தார். உப்புக்காற்று சும்மா இருக்குமா? இறக்கையில் ரிவெட் வரிசையை ஒட்டி, பெயின்டுக்கு அடியில் புழு ஊர்ந்த தடம் மாதிரி நெளிநெளியாகக் கோடுகள். ஃபிலிஃபார்ம் அரிப்பு. நகத்தால் சுரண்டினால் பெயின்ட் அப்பளம் போல நொறுங்கி, அடியில் வெள்ளைப் பொடி. இதன் மேல் புதுப் பெயின்ட் அடிப்பது கறையான் அரித்த கதவுக்கு வார்னிஷ் பூசுகிற கதை.

நாமே அடித்துவிட்டால் என்ன என்றும் யோசித்தோம். சட்டம் தடுக்கவில்லை. அமெரிக்க விமான விதிகளில் பராமரிப்பு பற்றிய பகுதி 43-இன் பின்னிணைப்பு ஏ, சொந்தக்கார பைலட் தானே செய்துகொள்ளக்கூடிய வேலைகளில் உடல், இறக்கை, வால் பூச்சையும் சேர்த்திருக்கிறது. பேலன்ஸ் செய்த கட்டுப்பாட்டுப் பரப்புகளை (விமானத்தைத் திருப்பவும் ஏற்றி இறக்கவும் அசையும், எடை சமன் பார்த்த பாகங்களை) மட்டும் தொடக் கூடாது. ஆனால் பாலியூரித்தேன் பெயின்டை இறுக வைக்கக் கலக்கும் ஹார்ட்னரில் இருக்கும் ஐசோசயனேட் என்ற நச்சுப்பொருளுக்குச் சாதாரண முகமூடி போதாது, குழாய் வழியாக வெளிக்காற்று தரும் முகமூடி வேண்டும். ஹேங்கர் ஒப்பந்தத்திலும் ஸ்பிரே கூடாது என்று ஒரு வரி. அந்த ஆசை அன்றோடு சரி.

ஆனால் “பேலன்ஸ் செய்த பரப்புகள் நீங்கலாக” என்ற அந்த ஒரு தொடர் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது. விமானத்தின் பராமரிப்புப் பதிவேட்டை, லாக்புக்கை, எடுத்துப் புரட்டினேன். 1998-இல் பெயின்ட் அடித்ததாக ஒரு பதிவு, இரண்டே வரி. பழையதை உரித்தார்களா என்பது இல்லை. ஸ்டாபிலேட்டரை (வாலின் கிடைமட்டப் பகுதியை) பேலன்ஸ் பார்த்தார்களா என்பதும் இல்லை. செரோக்கிக்காரர்களுக்குத் தெரியும், நம் வால் முழுசாக ஆடும் வால். கீல் கோட்டுக்குப் பின்னால் கனம் கூடினால் ஃபிளட்டர், அதாவது பறக்கும்போது அடங்காத படபடப்பு, வரும். அது வந்தால் இறங்கி வந்து புகார் சொல்ல ஆள் இருக்காது.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை, மெக்கானிக்கோடு சேர்ந்து ஸ்டாபிலேட்டரைக் கழற்றினோம். ஏறக்குறைய பத்தடி நீளம், தூக்கினால் ஆச்சரியமாக லேசு. மேஜை மேல் இரண்டு தாங்கிகள், கத்தி விளிம்பு போன்ற பட்டைகள். கீல் போல்ட் வருகிற இடம் அவற்றின் மேல் உட்காரும். கீலுக்குச் செங்குத்தாகப் பேலன்ஸ் பட்டை, அதில் நகர்த்தும் எடை, நடுவில் ரசமட்டம். எடையை நகர்த்தி நகர்த்திக் குமிழியை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். காற்று அசையக் கூடாது என்பதால் ஹேங்கர் கதவைச் சாத்தி மின்விசிறியையும் நிறுத்தியாயிற்று. ஹூஸ்டன், ஜூலை, தகரக் கூரை. மெக்கானிக் மூக்கிலிருந்து ஒரு சொட்டு வியர்வை வால் மேல் விழுந்ததும் குமிழி நகர்ந்தது. சத்தியமாகப் பார்த்தேன்.

முதல் அளவு அருமை, வரம்புக்கு நட்டநடுவில். பங்காளி ஒருவர் பீர் எடுக்கவே போய்விட்டார். அப்புறம்தான் பார்த்தால், கழற்றுவதற்குத் தோதாக எடுத்த ஆன்டி-சர்வோ டாப் (வால் ஓரத்தில் அசையும் சிறு பலகை) பக்கத்து பெஞ்சில் சாதுவாகக் கிடக்கிறது! வாலின் கடைசி ஓரத்தில் இருக்க வேண்டிய பாகம், அதாவது கீலிலிருந்து மிகத் தூரத்தில். அங்கே சில அவுன்சு என்றாலும் கணக்கில் பெரிய தொகை. மாட்டி மறுபடி அளந்தோம். வரம்புக்குள்தான், ஆனால் வால் கனமாகும் பக்கத்தில் விளிம்பைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. மூன்று முறை அளந்தும் அதே இடம். ஆக 1998-இல் பழசை உரிக்கவில்லை, மேலேயே அடித்திருக்கிறார்கள். இனி ஒரு பூச்சு ஏறினாலும் வரம்பு தாண்டும்.

அன்றிலிருந்து கடைக்காரர்களிடம் விலைக்கு முன்னால் இதைத்தான் கேட்டேன்: “பேலன்ஸ் எப்படிப் பார்க்கிறீர்கள், யார் கையெழுத்துப் போடுகிறார்கள்?”

முதல் கடை 9,500 டாலர். உரிக்க மாட்டார்கள், தேய்த்துவிட்டு மேலேயே அடிப்பார்கள். என் கேள்விக்கு வந்த பதில்: “இத்தனை வருடமாகச் செய்கிறேன், கையில் தூக்கினாலே தெரிந்துவிடும்.” நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

இரண்டாவது கடை 16,000. அங்கே முழுசாக உரிக்கிறார்கள். நான் போன அன்று ஒரு செஸ்னா விமானத்தின் ஜன்னல் ஓரம் முழுக்க மெல்லிய வெடிப்பு, கண்ணில் புரை விழுந்த மாதிரி. பெயின்டை உரிக்கும் ரசாயனமான ஸ்ட்ரிப்பர், ஜன்னலை மூடிய அலுமினிய டேப்புக்கு அடியில் புகுந்து அக்ரிலிக்கைத் தின்றிருக்கிறது. கேட்டால், “வரும்போதே அப்படித்தான் இருந்தது.” இருக்கலாம். ஆனால் வரும்போது எடுத்த படம் ஒன்றுகூட அவர்களிடம் இல்லை. கட்டுப்பாட்டுப் பரப்புகளைக் கழற்றாமல் இருந்த இடத்திலேயே அடிப்பதால் கீல்களிலும் அவற்றை அசைக்கும் தண்டுகளின் முனைகளிலும் பெயின்ட் அப்பியிருந்தது.

இங்கே என் தாய்மாமாவைச் சொல்லியாக வேண்டும். சங்ககிரியில் லாரிப் பட்டறை வைத்திருந்தவர். போனில் சொன்னார்: “மாப்ள, போனட்டப் பாக்காத, எவன் வேணாலும் போனட்ட மினுக்குவான். கதவுக்கு அடியில குனிஞ்சு பாரு.” குனிந்து பார்த்துத்தான் அந்தக் கீல்கள் கண்ணில் பட்டன. அடுத்ததாக அவர் கேட்டது, “பின்னால ‘ஒலி எழுப்பவும்’னு எழுதித் தருவாங்களா?”

மூன்றாவது, மேனா கடை. 21,500. பங்காளிகள் முகம் சுருங்கியது. ஆனால் போனதும் என்னை ஓர் அறைக்குக் கூட்டிப்போய் பேலன்ஸ் தாங்கியைக் காட்டினார்கள். செரோக்கிக்குத் தனி, செஸ்னாவுக்குத் தனி. பக்கத்தில் ஒரு கோப்பு. ஒவ்வொரு விமானத்துக்கும் பெயின்டுக்கு முன் என்ன அளவு, பின் என்ன அளவு, யார் கையெழுத்து, எல்லாம் அதில். உரித்த பிறகு தகடுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறும் இடுக்குகளில் ஸ்ட்ரிப்பர் தங்காமல் இருக்க எத்தனை முறை அலசுகிறார்கள் என்று கேட்டேன். எண்ணிக்கை சொல்லவில்லை. ஒரு வெள்ளைக் காகிதத்தை இடுக்கில் ஓட்டி எடுத்து, “இது சுத்தமாக வரும் வரை” என்றார் அந்த ஆள். அட்வான்ஸ் கொடுக்க அந்த நிமிடமே தீர்மானித்துவிட்டேன், மற்றவர்களிடம் மட்டும் யோசிப்பதாகச் சொன்னேன்.

அவர்கள் கொடுத்த பழைய வாடிக்கையாளர் எண்களில், போன மாதம் முடித்தவர்களை விட்டுவிட்டேன். புதுப் பெயின்ட் எல்லாமே அழகுதான். மூன்று வருடம் ஆனவர்களைத்தான் கூப்பிட்டேன். ரிவெட் தலைகளில் பெயின்ட் விடவில்லை, ஓரங்களில் கொப்புளம் இல்லை என்றார்கள்.

உரித்த பிறகு அரிப்பைச் சுத்தம் செய்து, ஆசிட் கழுவி, அலோடின் (அலுமினியம் மேல் பொன்னிறமாகப் படியும் அந்தக் குரோமேட் பூச்சு), எபாக்சி பிரைமர், அதற்கு மேல் பெயின்ட். ஷெர்வின்-வில்லியம்ஸ் பெயின்ட் வகைகளில் ஜெட்குளோவா அக்ரிகுளோவா என்று இரண்டு வாரம் சண்டை. ஜெட்குளோவின் பளபளப்புக்கு ஈடில்லை. அக்ரிகுளோவில் கீறல் விழுந்தால் தேய்த்துச் சரிசெய்வது சுலபம். எங்கள் மூன்று பேர் கைப்பழக்கத்தையும் அறிந்தவன் என்ற முறையில் அக்ரிகுளோவுக்கு வாக்களித்தேன். ஜெயித்தது.

ஒப்பந்தத்தில் நானே சேர்க்கச் சொன்ன ஒரு வரி: ஒட்டிய டேப் ஒவ்வொன்றையும் எழுதி வைத்து, எடுத்ததும் குறிக்க வேண்டும். அதிலும் ஸ்டாட்டிக் துளை, அதாவது உயரமும் வேகமும் காட்டும் கருவிகளுக்கு வெளிக்காற்றின் அழுத்தம் போகும் துளை. 1996 அக்டோபர் 2-ஆம் தேதி லிமாவிலிருந்து கிளம்பிய ஏரோபெரு 603, போயிங் 757, விழுந்தது அதனால்தானே. சுத்தம் செய்யும்போது ஸ்டாட்டிக் துளைகள் மேல் ஒட்டிய டேப்பை எடுக்க மறந்தார்கள். 70 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. கடைக்காரர் இந்த வரியைப் பார்த்து முறைக்கவில்லை என்பது அவருக்கு இன்னொரு மதிப்பெண்.

டிசைன் இன்னும் முடியவில்லை. விமானத்துக்கு 30 வயது தாண்டிவிட்டதால் பதிவெண்ணை 12 அங்குலத்துக்குப் பதிலாக 2 அங்குலத்தில் எழுதிக்கொள்ளலாம். சின்ன எழுத்து, பழைய காலத்துக் கோடுகள், பார்க்க லட்சணமாக இருக்கும். ஆனால் பங்காளி ஒருவருக்கு அடுத்த வசந்தத்தில் பஹாமாஸ் போக வேண்டும். வழியில் வான் பாதுகாப்பு அடையாள மண்டலம் (நாட்டை நெருங்கும் விமானங்களை அடையாளம் பார்க்கும் வான்பகுதி) குறுக்கிடுகிறது. அதில் 12 அங்குலம் கட்டாயம், தற்காலிகமாகவாவது ஒட்டியாக வேண்டும். 21,500 டாலர் பெயின்ட் மேல் ஸ்டிக்கர் ஒட்டுவதா என்று நான், அதற்காகக் காலம் முழுக்கப் பெரிய எழுத்தோடு திரிவதா என்று இன்னொருவர்.

ஜன்னல்கள் வேறு பாக்கி. இருக்கும் அக்ரிலிக் பழசு. அதை அப்படியே விட்டு, ஸ்ட்ரிப்பருக்குப் பலியானால் ஆகட்டும் என்று பெயின்ட் முடிந்த பிறகு புதுசு போடுவதுதான் என் யோசனை. மெக்கானிக்குக்கு அது பிடிக்கவில்லை, புதுப் பெயின்டில் திருப்புளி வழுக்கும் என்கிறார்.

இதற்கிடையில், வாலைத் திரும்ப மாட்டப் போனபோது கீல் போல்ட் இரண்டில் தேய்மானம் கண்ணில் பட்டது. ஏர்கிராஃப்ட் ஸ்ப்ரூஸ் என்ற விமான உதிரிபாகக் கடையில் போல்ட் மட்டும் வாங்கத்தான் உட்கார்ந்தேன். முடித்து எழுந்தபோது பில் 280 டாலர். ஜன்னல் சீல், இரண்டு ரோல் அலுமினிய டேப், தேவையே இல்லாத ஒரு டார்ச். பெட்டி வியாழன் வரும் என்கிறார்கள். அதுவரை ஸ்டாபிலேட்டர் மேஜை மேல், பழைய போர்வைக்கு அடியில். அந்த ஆன்டி-சர்வோ டாப் மாட்டியபடியே.