காற்றாடிமலைக்கு மாமாவின் வண்டியில்

ஆபீஸ் கேன்டீனில் தட்டை வைத்துவிட்டு நான் சிலுவை போடும் அழகைப் பார்த்தால் எங்கள் ஊர் உபதேசியார் தலையிலேயே குட்டுவார். நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்குகிற மாதிரி ஒன்று, துப்பட்டாவைச் சரிசெய்கிற மாதிரி இன்னொன்று. அதற்குள் பிதா சுதன் முடிந்துவிடும். யாரும் எதுவும் சொன்னதில்லை. எதிரில் உட்காருகிறவள் வியாழக்கிழமைதோறும் சாய்பாபாவுக்கு விரதம் இருக்கிறாள், அதைக் கூச்சமில்லாமல் ஊருக்கே சொல்கிறாள். எனக்குத்தான் கை பாதி வழியில் நின்றுபோகிறது.

ஜூன் மாதம் நாகர்கோவில் போனபோது இதைப் பேச்சுவாக்கில் மாமாவிடம் சொன்னேன். அம்மாவின் தம்பி. சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "நாளைக்கு உனக்கு லீவுதானே? வண்டியில ஏறு மக்ளே, பிள்ளையப் பாத்துட்டு வருவோம்" என்றார்.

பிள்ளை என்றால் தேவசகாயம் பிள்ளை. திருவிதாங்கூர் அரண்மனையில் வேலை பார்த்துக்கொண்டே கிறிஸ்தவரானவர், பிறகு காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டவர். 2022 மே 15 அன்று போப் பிரான்சிஸ் ரோமில் புனிதர் பட்டம் கொடுத்தபோது அந்தப் பெயரில் 'பிள்ளை' இல்லை, சாதிப்பெயர் வேண்டாமென்று எடுத்துவிட்டார்கள். எடுத்தது சரி என்பது என் கட்சி. தாழ்த்தப்பட்டவர்களோடு அவர் சரிசமமாகப் பழகியதும் மேல்சாதிக்காரர்களின் கோபத்துக்கு ஒரு காரணம் என்று சொல்லிவிட்டு, பெயருக்குப் பின்னால் சாதியை ஒட்டி வைப்பதில் என்ன நியாயம்? ஆனால் மாமா தலைமுறைக்கு அது வாயில் ஊறிய பெயர், போகாது.

காலை ஆறு மணிப் பூசைக்குக் கோட்டாறு போனோம். புனித சவேரியார் பேராலயம். டிசம்பர் 3 திருவிழாவுக்குச் சின்ன வயதில் வந்திருக்கிறேன். பலூன், பேரீச்சம்பழம், கூட்டத்தில் தொலைந்த ஒரு செருப்பு, இவ்வளவுதான் நினைவில் இருந்தது. அவர் கல்லறை இங்கேதான் என்பது அப்போது மண்டையில் ஏறவில்லை. 1752-இல் காட்டில் கிடந்த எலும்புகளைப் பொறுக்கிக் கொண்டுவந்து இந்தக் கோயிலுக்குள் அடக்கம் செய்திருக்கிறார்கள். பூசை முடிந்ததும் அங்கே போய் முழங்காலில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு பாட்டி கல்லைத் தொட்டுத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டே ஏதோ கணக்கு ஒப்பிப்பதுபோல் பேசிக்கொண்டிருந்தார். மருமகளின் சம்பளம்கூட அதில் வந்தது. எனக்கு வாயில் ஒன்றும் வரவில்லை. பொய் சொல்வானேன், திங்கட்கிழமை ஆபீஸ் ரிலீஸ் பற்றிய நினைப்புதான் வந்தது.

அங்கிருந்து தக்கலை ரோட்டில் புலியூர்க்குறிச்சி. வழியெல்லாம் சாரல். ரெயின்கோட் ஒன்றுதான், அதை எனக்குக் கொடுத்துவிட்டு மாமா நனைந்தபடி கதை சொல்லிக்கொண்டே ஓட்டினார்.

நட்டாலத்தில் 1712-இல் பிறந்த நீலகண்டன், திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனையில் வேலை பார்த்தவர். 1741 குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்ட டச்சுக்காரர் டிலனாய், பிறகு அதே ராஜாவின் படைக்குப் பயிற்சி கொடுக்க வந்தார். இருவரும் கூட்டாளிகள் ஆனார்கள். வீட்டில் மாடு சாவு, பயிர் நட்டம் என்று நீலகண்டன் துவண்டு கிடந்தபோது டிலனாய் சொன்னது யோபுவின் கதையை. எல்லாவற்றையும் இழந்தும் கடவுளை விடாத பைபிள் மனிதர் அவர். இந்த இடத்தில் மாமாவை நிறுத்தச் சொல்லி இன்னொரு தடவை கேட்டேன். பிரசங்கம் கேட்டு மாறவில்லை, கூட வேலை பார்க்கிறவர் ஒரு கஷ்டகாலத்தில் சொன்ன கதையைக் கேட்டு மாறியிருக்கிறார். 1745 மே 14, வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம். லாசர் என்ற பெயரின் தமிழ்தான் தேவசகாயம்.

கைதானது 1749 பிப்ரவரியில். அரசு ரகசியத்தை வெளிநாட்டவருக்குச் சொன்னார் என்று குற்றச்சாட்டு. வேதத்தில், அதாவது கிறிஸ்தவத்தில், சேர்ந்ததற்காகத்தான் கொன்றார்கள் என்பதை ஒப்புக்கொள்ளாத வரலாற்றாசிரியர்களும் உண்டு, அந்தச் சண்டைக்கு நான் போகவில்லை. எனக்கு உறைத்தது வேறு. ஞானஸ்நானத்துக்கும் கைதுக்கும் நடுவில் ஏறக்குறைய நாலு வருஷம். அந்த நாலு வருஷமும் மனிதர் அதே அரண்மனைக்குத்தான் வேலைக்குப் போனார். பழைய சகாக்கள், பழைய கணக்கு, பண்டிகை வந்தால் வராமல் இருந்தால் ஏன் வரவில்லை என்ற கேள்வி. எருக்கம்பூ மாலை போட்டு எருமை மேல் பின்பக்கமாகத் திருப்பி உட்கார வைத்து ஊர்வலம் விட்டது, தினமும் அடித்தது, புண்ணில் மிளகாய் தேய்த்தது எல்லாம் மறைக்கல்வி வகுப்பில் கேட்டாயிற்று. அந்த நாலு வருஷ வேலைநாட்களைப் பற்றி யாரும் எனக்குச் சொன்னதில்லை. குருவும் இல்லை, துறவியும் இல்லை, கல்யாணமாகி வேலைக்குப் போன ஆள். இந்தியாவில் அப்படிப் புனிதரானவர் இவர்தான் முதலில்.

எங்கள் இளையோர் வாட்ஸ்அப் குழுவில் கார்லோ அக்குதிஸ் படம்தான் ஓடும். ஜீன்ஸும் பேக்பேக்கும் போட்ட புனிதர், 15 வயதில் இறந்தவர், 2025 செப்டம்பரில் பட்டம் கிடைத்தது. நல்ல பையன், எனக்கும் பிடிக்கும். ஆனால் அவனுக்கு அப்ரைசல் வந்ததில்லை.

புலியூர்க்குறிச்சியில் முட்டிடிச்சான் பாறை. இழுத்துக்கொண்டு போகும் வழியில் தாகம் எடுத்து, கிடைத்த அழுக்குத் தண்ணீரும் போதாமல் அவர் முழங்கை முட்டியால் பாறையை இடிக்க, தண்ணீர் வந்தது என்பது நம்பிக்கை. பெரிய ஊற்றை எதிர்பார்த்துப் போகாதீர்கள். பாறையில் கையளவுக் குழி, அதில் தண்ணீர், அவ்வளவுதான். ஒரு ஆள் குனிந்து மொள்ள, பின்னால் மற்றவர்கள் பாட்டிலோடு நிற்கிறார்கள். "எப்பவும் வத்தாது கேட்டியா" என்றார் மாமா. என் தண்ணீர் பாட்டிலில் இருந்ததைக் கொட்டிவிட்டுப் பிடித்துக்கொண்டேன்.

பக்கத்திலேயே உதயகிரிக் கோட்டை. உள்ளே மரங்களுக்கு நடுவில் கூரை போன ஒரு சிற்றாலயம், அதில் டிலனாய் கல்லறை. கல்லில் லத்தீனும் தமிழும். கதை சொன்ன கூட்டாளி 1777 வரை இருந்திருக்கிறார். நண்பன் கொல்லப்பட்ட பிறகும் 25 வருஷம் அதே ராஜ்ஜியத்தில் தளபதியாக இருந்தவர் என்ன நினைத்திருப்பார்? மாமாவிடம் கேட்டேன். "அவனுக்கும் குடும்பம் இருந்துல்லா" என்றார்.

காற்றாடிமலைக்கு வரும்போது மணி நாலு. ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் நுழைந்ததுமே வண்டி ஆடியது. சுற்றிலும் காற்றாலைகள் சுழல்கிற சத்தம். படியேறினால் பாறை. 1752 ஜனவரி 14 இரவு சுடுவதற்கு முன்னால் ஜெபிக்க நேரம் கேட்டார், முழங்கால் போட்ட தடம் இது என்று காட்டுகிறார்கள். மேலே கல்லால் தட்டினால் மணி மாதிரி ஒலிக்கும் பாறை ஒன்று. ஒரு குட்டிப் பையன் விடாமல் தட்டிக்கொண்டிருந்தான், அவன் அம்மா அதட்ட அதட்ட.

அங்கே நின்று சிலுவை போட்டேன். முழுசாக. ஒரு கையால் துப்பட்டாவைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது, அந்தக் காற்று. இதில் என்ன வீரம், சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் நம் ஆட்கள்.

இறங்கி வந்து டீயும் பழம்பஜ்ஜியும் சாப்பிடும்போதுதான் மாமா வடக்கன்குளத்தைப் பற்றிச் சொன்னார். ஞானஸ்நானம் வாங்கிய அதே ஊரில் பிற்காலத்தில் சாதிக்கொரு பக்கமாக, இரண்டு கால் விரித்த மாதிரி ஒரு கோயில் கட்டி, நடுவில் சுவரும் வைத்தார்களாம். கால்சட்டைக் கோயில் என்றே பெயர். 1910-இல்தான் சுவரை இடித்தார்கள். பஜ்ஜி தொண்டையில் நின்றது. எனக்குத் தெரிந்த ஒரு ஊரில் இன்றும் கல்லறைத் தோட்டம் இரண்டு.

ஞாயிறு இரவு ரயிலேறிச் சென்னை வந்து பாட்டிலை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். ராத்திரி வந்தால் ரூம்மேட் பாதியைக் குடித்திருக்கிறாள். ஈரோட்டுப் பெண், முருக பக்தை. "தண்ணி நல்லாருக்கே, எங்க புடிச்ச?" என்றாள். சொல்லாமல் தீராது என்று உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். எருமை, மிளகாய், பாறை, துப்பாக்கி. குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, "சரி, அவரு சம்சாரம் என்னடி ஆனாங்க?" என்றாள்.

ஒரு நாள் முழுக்கச் சுற்றியும் எனக்கு அது தோன்றவே இல்லை. பத்தரை மணிக்கு மாமாவுக்குப் போன் போட்டேன்.

"ஞானப்பூவா? அவளும் வேதத்துல சேந்தவதான். புருஷன் போனப்புறம் வடக்கன்குளத்துலயே இருந்துட்டா, அங்கதான் அடக்கம். அடுத்த தடவ வாறப்பம் போவோம். அந்தப் பிள்ளையயும் கூட்டிட்டு வா மக்ளே."