புறப்பட்ட ஊர் இருக்கிறது, போய்ச் சேர்ந்த ஊர் இல்லை

இலங்கை மலையகத்தில் யார் எங்கே போனார்கள் என்று அறிக்கை எழுதுவது என் வேலை. அதற்கு முதலில் திறப்பது குடிசன மதிப்பீட்டு அட்டவணைகளைத்தான். 2001இல் நுவரெலியா மாவட்டத்தில் 7 லட்சத்து 3 ஆயிரத்துச் சொச்சம் பேர். 2012இல் 7 லட்சத்து 11 ஆயிரத்துச் சொச்சம். பதினொரு வருஷத்தில் கூடியது எட்டாயிரம்தான். பிறப்பு நின்றுவிடவில்லை, ஆட்கள் வெளியே போயிருக்கிறார்கள்.

சரி, எங்கே போனார்கள்? 1981க்குப் பிறகு இருபது வருஷம் கணக்கெடுப்பே இல்லை. 2001இலும் யுத்தத்தால் 18 மாவட்டங்களில்தான் முழுதாக எடுக்க முடிந்தது. 1977, 1983 தமிழர் மீதான வன்செயல்களுக்குப் பிறகு இங்கிருந்து வடக்கே வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறிய குடும்பங்கள் புறப்பட்ட மாவட்டத்தில் குறைகின்றன, போய்ச் சேர்ந்த மாவட்டம் அந்த 18இல் இல்லாததால் அங்கே கூடுவது மட்டும் தெரியவில்லை.

யாருமே நகராமல் எண்ணிக்கை நகர்வதும் உண்டு. 20 ஏக்கருக்குக் குறையாத, பத்துத் தொழிலாளராவது குடியிருக்கும் காணிதான் கணக்கில் தோட்டம். காணி துண்டாகி அந்த அளவுக்குக் கீழே போனால் அதே லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், இருப்பவர்கள் கிராமத்தவராகிவிடுவார்கள். கொட்டகலை டவுனில் பஸ்ஸுக்கு நெரிபட்டவர் அதைக் கிராமம் என்று சொல்லமாட்டார். ஆனால் நகர சபை இல்லையே, அட்டவணையில் அது கிராமம்தான்.

போகவந்தலாவைப் பக்கம் ஒரு லயத்தில் வீட்டு விபரம் கேட்டோம். கொழுந்து நிறுத்துவிட்டு வந்த அம்மா இடுப்புப் படங்கைக்கூட அவிழ்க்கவில்லை. “மூணு மகன் தம்பி, மூணு பேரும் இங்கதான்” என்றார். பேசப் பேசத்தான் தெரிந்தது: இருவர் கொழும்புப் புறக்கோட்டையில் புடவைக்கடையில், ஒருவர் கட்டாரில். “தீவாளிக்கு வந்துருவானுங்க. ஓட்டும் இங்கதானே இருக்கு?” 2012 கணக்கெடுப்பு வழக்கமாக வசிக்கும் இடத்தைத்தான் கேட்டது, அப்படிப் பார்த்தால் மூவரும் இந்த வீட்டில் இல்லை. அம்மாவின் கணக்கும் பொய்யில்லை, அடுப்பெரிவது அவர்கள் அனுப்பும் காசில். அப்புறம் எங்கள் படிவத்தில் ‘கடைசியாக எப்போது வந்தார்?’ என்று ஒரு கேள்வியைச் சேர்த்தோம்.

2012இலும் 2024இலும் எல்லா மாவட்டத்தையும் எண்ணியிருக்கிறார்கள். 2012இல் 10 வயதுப் பிள்ளைகள் 2024இல் 22, 23 வயதில் எத்தனை பேர், எந்த மாவட்டத்தில் என்று இனிப் பொருத்திப் பார்க்கலாம். ஒரே சிக்கல், இடைவெளி 12 வருஷமும் ஒன்பது மாதமும். ஐந்தைந்தாகப் பிரித்த வயதுப் பட்டியலோடு அது ஒட்டாது. ஒவ்வொரு வயதுக்கும் தனித்தனிக் கணக்கு கைக்கு வரவேண்டும்.