'டப்' என்று ஒரு சத்தம்: ரீலோடிங் நாட்குறிப்பு

மார்ச் 2, ஞாயிறு

சுட்ட தோட்டாவின் காலிக் கூட்டில் மறுபடி வெடிமருந்தும் குண்டும் வைத்து நாமே தோட்டா செய்வதுதான் ரீலோடிங். இன்று துப்பாக்கிப் பயிற்சியில், அப்படி நான் செய்தவற்றில் 42-வதாகச் சுட்ட தோட்டா 'டப்' என்றது. காதடைப்பானையும் மீறி அதிர வேண்டிய இடத்தில், புட்டி மூடியைப் பிடுங்கினால் வருவது போல ஒரு சின்னச் சத்தம். கையில் உதைப்பே இல்லை. ஸ்லைடு (ஒவ்வொரு வெடிக்கும் பின்னால் போய் வரும் துப்பாக்கியின் மேல் பகுதி) அசையவில்லை.

போட்டிக்குப் பழகிய கைக்கு ஒரு வழக்கம் உண்டு. துப்பாக்கி சிக்கினால் தோட்டா அடுக்கிய மேகஸினை அடியில் ஒரு தட்டு, ஸ்லைடை ஓர் இழுப்பு, மறுபடி சுடு. மூளையைக் கேட்காமலே கை இதைச் செய்துவிடும். என் இடது கை ஸ்லைடைப் பிடித்தே விட்டது. பின்னால் நின்ற அண்ணன் "நிறுத்து! விரலை வெளியே எடு!" என்று கத்தினார். நின்றேன்.

துப்பாக்கியை இலக்குப் பக்கமே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் காத்திருந்தோம். பிறகு மேகஸினைக் கழற்றி, தோட்டா உட்காரும் அறையைக் காலி செய்து, குழலை வெளியே எடுத்துப் பார்த்தோம். வெளிச்சம் தெரியவில்லை. குண்டு குழலின் தொடக்கத்திலேயே மாட்டிக்கொண்டு நின்றது, அதுவும் அடுத்த தோட்டா தாராளமாக ஏறும் அளவுக்கு இடம் விட்டு. நான் ஸ்லைடை இழுத்துச் சுட்டிருந்தால் குழல் வீங்கியிருக்கும், இல்லையென்றால் என் கையிலேயே வெடித்திருக்கும்.

பித்தளைக் கம்பியால் மெதுவாகத் தட்டி குண்டை எடுத்தோம். அண்ணன் அதை என் உள்ளங்கையில் வைத்து, "கூட்டுக்குள்ள மருந்தே போடலடா நீ" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

மார்ச் 3, திங்கள்

எப்படி நடந்தது என்று இரவு முழுக்க யோசித்தேன். இப்போது புரிகிறது. தோட்டா செய்த அன்று, ப்ரைமர் (கூட்டின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி) வரும் குழாய் சிக்கியது. தோட்டா செய்யும் கருவியான பிரஸ்ஸின் கைப்பிடியைப் பாதியில் நிறுத்திச் சரி செய்தேன். அந்த நேரம் பார்த்து போன் வந்தது. பேசிவிட்டு வந்து, கூடுகள் நிற்கும் தட்டைக் கையால் ஒரு படி சுற்றினேன். ஒரு கூடு மருந்து விழும் இடத்தைத் தாண்டிப் போய்விட்டது. அதன் தலையில் குண்டை வைத்து அழுத்தியதும் நான்தான். குனிந்து ஒரு முறை உள்ளே பார்த்திருந்தால் போதும்.

200 தோட்டா கொண்ட தொகுப்பு அது. 42 போக 158 மிச்சம். எடை போட்டுக் காலித் தோட்டாவைக் கண்டுபிடித்துவிடலாமே என்று முதலில் தோன்றியது. 9 மி.மீ. தோட்டாவில் அது நம்பத் தகுந்த வழி இல்லை. மருந்தே ஏறக்குறைய 4 முதல் 6 கிரெய்ன்தான் (ஒரு கிரெய்ன் என்பது சுமார் 65 மில்லிகிராம்). வேறு வேறு கம்பெனிக் கூடுகளைக் கலந்து வைத்திருந்தால், கூட்டுக்குக் கூடு எடை வித்தியாசமே அந்த அளவுக்கு வரும். குண்டுகளிலும் கொஞ்சம் ஏற்ற இறக்கம் இருக்கும். சரி, வேறு வழியில்லை. குண்டு பிடுங்கும் சுத்தியலை எடுத்து 158-ஐயும் பிரித்தேன். எல்லாவற்றிலும் மருந்து இருந்தது. தோள்பட்டை வலிக்கிறது.

மார்ச் 6, வியாழன்

மேசையை மாற்றி அமைத்தேன். போன் இனி அடுத்த அறையில். மேசை மேல் ஒரே ஒரு மருந்து டப்பா. மருந்துகள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், கலந்துவிட்டால் பிரித்தறிய வழியே இல்லை. அதனால் வேலை முடிந்ததும் ஹாப்பரில் (பிரஸ் மேல் இருக்கும் மருந்துக் குடுவை) மிஞ்சியதை அதே டப்பாவில் கொட்டி மூடிவிட வேண்டும். குண்டு வைக்கும் இடத்துக்கு நேர் மேலே ஒரு சின்ன எல்ஈடி விளக்கு பொருத்தினேன். இப்போது கூட்டின் அடி வரை பளிச்சென்று தெரிகிறது. தராசு பக்கத்தில் மின்விசிறி ஓடக் கூடாது. முள் நிலையாக நிற்காது.

மருந்தையும் மாற்றப் போகிறேன். கூட்டில் பாதிக்கு மேல் நிரம்பும் மருந்தாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால், தவறி இரண்டு முறை விழுந்தாலும் வழிந்து கொட்டிக் காட்டிக்கொடுத்துவிடும். பழைய மருந்து கூட்டின் அடியில் துளியூண்டு கிடக்கும். இரட்டை அளவு விழுந்தாலும் எட்டிப் பார்க்காதவனுக்குத் தெரியாது. காலித் தோட்டாவாவது சத்தத்தில் சொல்லிவிடும். இரட்டை மருந்து முன்கூட்டி ஒன்றும் சொல்லாது.

மார்ச் 8, சனி

கூடுகளைப் பொறுக்கினேன். நாலைந்தை உள்ளங்கையில் போட்டுக் குலுக்கினால், விரிசல் விட்டது கணீரென்று ஒலிக்காது. பானையைத் தட்டிப் பார்ப்பது போலத்தான். மூன்று அப்படிச் சிக்கின. முடிந்ததும் கையைக் குளிர்ந்த நீரில் சோப்புப் போட்டுக் கழுவினேன். ப்ரைமர் புகையில் ஈயம் உண்டு.

மார்ச் 9, ஞாயிறு

புது மருந்துக்கு, அச்சிட்ட கையேட்டில் என் குண்டுக்குக் கொடுத்திருக்கும் தொடக்க அளவிலிருந்தே ஆரம்பித்தேன். யாரோ சொன்ன 'நல்ல அளவு' எனக்கு வேண்டாம்.

தோட்டாவின் மொத்த நீளத்தில்தான் அதிக நேரம் போனது. 9 மி.மீ.க்கு உச்ச நீளம் 29.69 மி.மீ. ஆனால் அது எல்லாக் குழலுக்கும் ஒத்து வராது. குழலைக் கழற்றி, தோட்டாவை அறைக்குள் போட்டேன். 'டொக்' என்று தானாக விழ வேண்டும், விரலால் சுற்றினால் சுழல வேண்டும், கவிழ்த்தால் தானே வெளியே வர வேண்டும். முதல் நீளத்தில் சுழலவில்லை. குண்டு, குழலுக்குள் இருக்கும் சுருள் வரிப்பள்ளத்தைத் தொட்டிருக்கிறது. கொஞ்சம் குறைத்தேன், சுழன்றது.

குறைப்பதிலும் எல்லை உண்டு. இந்தக் கூட்டுக்குள் இடம் ரொம்பக் கம்மி. குண்டு அரை மில்லிமீட்டர் கூடுதலாக இறங்கினாலே அழுத்தம் நன்றாக ஏறிவிடும். அதனால் ஒவ்வொரு பத்தாவது தோட்டாவையும் காலிப்பரில் அளந்து, குண்டின் மூக்கை மேசை விளிம்பில் கட்டை விரல் பலத்தில் அழுத்தி, மறுபடி அளந்தேன். நீளம் மாறவில்லை. கூட்டின் வாய் குண்டைக் கெட்டியாகப் பிடித்திருக்கிறது. இந்தத் தோட்டா அறையில் தன் வாய் விளிம்பில்தான் உட்காருகிறது. ஆகவே வாயை உள்ளே மடக்கக் கூடாது, குண்டு வைக்க விரித்ததை நேராக்கினால் போதும்.

மார்ச் 15, சனி

குரோனோகிராஃப் (குண்டின் வேகத்தை அளக்கும் கருவி) வைத்துச் சுட்டேன். 124 கிரெய்ன் குண்டு, சராசரி வேகம் வினாடிக்கு 1052 அடி. இரண்டையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால், போட்டியில் தோட்டாவின் பலத்தைக் குறிக்கும் எண்ணான பவர் ஃபேக்டர் 130.4. பலம் குறைந்த தோட்டாவுக்கான மைனர் பிரிவுக்கு 125 போதும். ஐந்து புள்ளி கையிருப்பு இருக்கட்டும், போட்டி நாளில் வேகம் கொஞ்சம் குறைவாகக் காட்டினாலும் தாங்கும். இதற்கு மேல் ஏற்ற எனக்கு ஒரு காரணமும் இல்லை.

மார்ச் 23, ஞாயிறு

போட்டி. மூன்றாவது ஸ்டேஜில் (சுற்றில்) ஒரு வெடி மெலிந்து ஒலித்தது. என் விரல் விசையை விட்டு வெளியே வந்ததும், நடுவரான ரேஞ்ச் ஆபீசர் "ஸ்டாப்!" என்றதும் ஒரே நொடி. குழலில் கம்பி விட்டுப் பார்த்தார். ஒன்றும் இல்லை, குண்டு போயிருந்தது. சந்தேகத்தில் நிறுத்தி, எல்லாம் சரியாக இருந்தால் மறுபடி சுட வேண்டும் என்பது விதி. உண்மையில் குண்டு சிக்கியிருந்தால் அதுவரை சுட்டதுதான் கணக்கு.

மறுமுறை அந்தப் பெட்டியை நான் தொடவில்லை. வேறு தேதி எழுதிய பெட்டியிலிருந்து மேகஸினை நிரப்பினேன்.

இரவு முதல் பெட்டியில் மிஞ்சியதைப் பிரித்து மருந்தைத் தனித்தனியாக நிறுத்தேன். பதினோராவதில் அரை கிரெய்னுக்கு மேல் குறைந்தது. அடுத்ததிலும் அப்படியே. அது தொகுப்பின் கடைசிப் பெட்டி. ஹாப்பரில் மருந்து தீரும் வரை ஓட்டியிருக்கிறேன், அடிமட்டத்துக்கு வந்ததும் அளவு மெலிந்துவிட்டது. விளக்குப் போட்டுப் பார்த்தும், கண்ணுக்கு அந்தக் குறை தெரியவில்லை.

ஹாப்பரில் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் சிவப்பு டேப் ஒட்டிவிட்டேன். மருந்து அந்தக் கோட்டைத் தொட்டால் நிறுத்தி, நிரப்பி, ஐந்து அளவு நிறுத்துப் பார்த்த பிறகுதான் அடுத்த கூடு.