ஐ.இ.பி. கூட்டத்தில் சம்மதிக்காமல் எழுந்துவந்த பிறகு

அமெரிக்காவில் அரசுப் பள்ளியில் படிக்கும் எங்கள் மகனுக்கு ஆட்டிசம் இருப்பதால், ஐ.இ.பி. என்று எல்லோரும் சொல்லும் தனிநபர் கல்வித் திட்டம் மழலையர் வகுப்பிலிருந்தே நடைமுறையில் இருக்கிறது. மூன்றாண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டிய மறுமதிப்பீடு முடிந்ததும், அவனுக்குத் தனியாக அளித்துவந்த பேச்சுப் பயிற்சியைக் குழுப் பயிற்சியாக மாற்றப்போவதாகப் பள்ளி அறிவித்தது. நல்ல முன்னேற்றம் தெரிகிறதாம். ஆனால் புதிய திட்டத்தில் இருந்த இலக்கு, "ஐந்தில் நான்கு முறை, தூண்டுதல் இல்லாமல் முழு வாக்கியத்தில் பதில் சொல்வான்" என்ற சென்ற ஆண்டின் அதே வரிதான். தேதி மட்டும் மாறியிருந்தது. முன்னேறிய பிள்ளைக்கு இலக்கு ஏன் நகரவில்லை என்று கேட்டோம். மேசையைச் சுற்றி அமர்ந்திருந்த எவரும் அதற்கு நேராகப் பதில் சொல்லவில்லை.

கூட்டத்தில் கலந்துகொண்டதற்கான கையெழுத்தும் திட்டத்துக்கான சம்மதமும் வெவ்வேறு என்பதால், முன்னதற்கு மட்டும் கையெழுத்திட்டு, பேச்சுப் பயிற்சி மாற்றத்தை ஏற்கவில்லை என்று அதன் கீழேயே எழுதினோம். அன்றிரவே முன்னறிவிப்பை எழுத்தில் தரும்படி மின்னஞ்சல் அனுப்பினோம். மாற்றுத்திறன் உள்ள குழந்தைகளின் கல்விக்கான, ஐடியா எனப்படும் கூட்டாட்சிச் சட்டத்தின்படி, ஒரு சேவையை மாற்ற முனையும்போதும் பெற்றோர் கேட்டதை மறுக்கும்போதும், முடிவு என்ன, அது எந்தத் தரவின் அடிப்படையில் எடுக்கப்பட்டது, வேறு எந்த வழிகள் பரிசீலிக்கப்பட்டு ஏன் கைவிடப்பட்டன என்பவற்றைப் பள்ளி எழுதித் தர வேண்டும். கூட்டத்தில் அத்தனை உறுதியாகச் சொல்லப்பட்ட காரணங்கள் தாளில் இரண்டு வரிகளாகச் சுருங்கி வந்தன. தரவு என்ற இடத்தில் "பயிற்சியாளரின் கவனிப்பு" என்பதற்கு மேல் எதுவும் இல்லை.

எங்களுக்குக் கிடைத்த பிடி அதுதான். பள்ளியின் மதிப்பீட்டை ஏற்கவில்லை என்று எழுதி, பள்ளி மாவட்டத்தின், அதாவது அப்பகுதி அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பின், செலவில் சுயேச்சையான வெளி மதிப்பீடு வேண்டும் என்று கேட்டோம். இப்படிக் கேட்டால் மாவட்டம் அந்தச் செலவை ஏற்க வேண்டும், இல்லையேல் தன் மதிப்பீடு பொருத்தமானதே என்று நிறுவ, நடுநிலை அதிகாரி நடத்தும் விசாரணைக்குத் தானே மனுச் செய்ய வேண்டும். தேவையின்றி இழுத்தடிக்கவும் கூடாது. முகம் சுளித்தாலும் செலவை ஏற்றார்கள். வெளி மதிப்பீட்டாளர் வகுப்பறையிலேயே உட்கார்ந்து கவனித்தார். தனியறையில் ஒரு பெரியவரிடம் முழு வாக்கியத்தில் பேசுகிறவன், சக மாணவர்கள் நடுவே ஒற்றைச் சொல்லோடு நின்றுவிடுகிறான் என்பதை எண்ணிக்கைகளோடு எழுதித் தந்தார். குழுப் பயிற்சி தேவை என்ற பள்ளியின் வாதத்துக்கும் இதில் வலுச் சேர்ந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் தனிப் பயிற்சியை நிறுத்துவதற்கு அந்த அறிக்கையில் இடமே இல்லை.

சமரசப் பேச்சு, மாநிலக் கல்வித் துறையிடம் புகார், விசாரணை என்று மேலும் வழிகள் இருந்தன. விசாரணை நடக்கும் காலத்தில் பொதுவாகப் பழைய ஏற்பாடே தொடரும் என்பது பெற்றோருக்குப் பெரிய பாதுகாப்பு. அவற்றுக்குப் போகும் முன், என்ட்ரூ எஃப். என்ற ஆட்டிசம் உள்ள மாணவனின் பெற்றோர் தொடுத்த வழக்கில் 2017இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் எழுதினோம். பெயரளவு முன்னேற்றம் போதாது, குழந்தையின் சூழ்நிலைக்கேற்ற முன்னேற்றத்துக்குத் திட்டம் வழிசெய்ய வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரே இலக்குகள் எழுதப்பட்டன என்பதே அந்தப் பெற்றோரின் குறையும்கூட.

அடுத்த கூட்டத்தில் தனிப் பயிற்சி நீடித்தது, குழுப் பயிற்சி கூடுதலாகச் சேர்ந்தது, இன்றைய நிலையைக் குறித்துக்கொண்டு இலக்குகள் புதிதாக எழுதப்பட்டன. உணவு இடைவேளையில் ஓர் உதவியாளர் வேண்டும் என்ற கோரிக்கையை மட்டும் மறுத்துவிட்டார்கள். அந்த மறுப்புக்கான காரணங்களையும் எழுத்தில் கேட்டிருக்கிறோம்.