மாயாஜாலப் படத்தின் இரண்டாம் பாகம் டிஸ்க்கில் வந்தால்

அட்டைப்படத்து டிராகனை ரசித்தது போதும், டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். டிவிடிக்கு எண்ணிலும் ப்ளூ-ரேக்கு ஏ, பி, சி எழுத்திலும், எந்த நாட்டுப் பிளேயர்களில் ஓடும் என்று சொல்லும் மண்டலக் குறியீடு இருக்கும். உங்கள் பிளேயரோடு அது ஒத்துப்போகாவிட்டால் டிஸ்க் ஓடாது. 4கே டிஸ்க்கில் இந்தத் தொல்லை கிடையாது. ஆனால் சாதாரண ப்ளூ-ரே பிளேயர் அதைப் படிக்காது.

4கே பிளேயர் இருந்தும் திரை கறுப்பாகவே நின்றால், முதலில் பிளேயருக்கும் டிவிக்கும் நடுவில் இருக்கும் சவுண்ட்பாரைச் சந்தேகப்படுங்கள். பிளேயர், சவுண்ட்பார், டிவி மூன்றுமே எச்டிசிபி 2.2 என்ற நகல் தடுப்பு முறையை ஏற்க வேண்டும். பிளேயரை நேராக டிவியில் செருகிப் பார்த்தால் குற்றவாளி யாரென்று தெரிந்துவிடும்.

மந்திரவாதி கிசுகிசுப்பது கேட்கவில்லை என்று சத்தத்தைக் கூட்டுவோம். அடுத்த நொடி டிராகன் உறும, தூங்கும் குழந்தை அலறி எழும். ஒலி அமைப்பில் 'நைட் மோட்' போட்டால் இந்த ஏற்ற இறக்கம் குறையும். டிவியில் பிரேம்களுக்கு நடுவே புதுப் பிரேம்களைச் செருகும் மோஷன் ஸ்மூத்திங்கையும் அணைத்துவிடுங்கள். நொடிக்கு 24 பிரேம் ஓடும் படத்தை டிவி சீரியல் போலக் காட்டுவது அதுதான்.

பிசுக்கு விரல் பட்ட டிஸ்க்கை மென்துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள், வட்டமாக வேண்டாம். கீறல் விழுந்த ப்ளூ-ரேயை டிவிடி பாலிஷ் மெஷினில் போடவே கூடாது. டிவிடியில் தரவு 0.6 மி.மீ. ஆழத்தில் இருக்கிறது, ப்ளூ-ரேயில் வெறும் 0.1 மி.மீ.தான், தேய்த்தால் மேலிருக்கும் காப்புப் பூச்சே போய்விடும்.