வி.பி.6: 640×480 பிக்சல் ஃபார்ம், 200% திரையிலும்

ஒருவழியாகச் சரியாக வந்துவிட்டது. ஆடு புலி ஆட்டத்தை வி.பி.6-இல், அதாவது மைக்ரோசாஃப்ட்டின் பழைய விஷுவல் பேசிக் 6 மொழியில், எழுதிக்கொண்டிருக்கிறேன். பலகையை 640×480 பிக்சலில் படமாக வரைந்து வைத்திருக்கிறேன். ஃபார்மின், அதாவது புரோகிராமின் ஜன்னலின், உள்பக்கம் அதே அளவில், ஒரு பிக்சல் கூடாமல் குறையாமல் நிற்க வேண்டும். 23 புள்ளிகளின் இடமும் அந்தப் படத்தை வைத்துக் குறித்ததுதான். உள்பக்கம் உயரம் குறைந்தால் அடிக்கோட்டில் இருக்கிற நான்கு புள்ளிகளும் பாதி மறைந்துபோகும், ஆட்டை அங்கே வைக்கவே முடியாது. இப்போது விண்டோஸில் திரையைப் பெரிதாக்கிக் காட்டும் அளவு 100%, 125%, 150%, 200% என்று எதுவாக இருந்தாலும் கச்சிதமாக நிற்கிறது. 200%-இல் ஓடும் லேப்டாப்பில் நின்றதுதான் எனக்குப் பெரிய சந்தோஷம்.

ஃபார்மின் அலகைச் சொல்லும் ஸ்கேல்மோடை 3, அதாவது பிக்சல், என்று வைத்தாலும் ஃபார்மின் வெளி அகலமும் உயரமும் ட்விப் என்ற வி.பி.-யின் அலகில்தான் இருக்கும், உள்ளே இருக்கும் பட்டன் போன்ற கன்ட்ரோல்கள் மட்டும் பிக்சலுக்கு மாறும். வி.பி. பக்கம் போனவர்களுக்கு இது தெரிந்ததுதான். ஒரு அங்குலத்துக்கு 1440 ட்விப், ஒரு பாயின்டுக்கு 20. 96 டி.பி.ஐ. திரையில், அதாவது அங்குலத்துக்கு 96 பிக்சல் என்று விண்டோஸ் கணக்கு வைக்கும் 100% திரையில், 1440-ஐ 96-ஆல் வகுத்தால் ஒரு பிக்சலுக்கு 15 ட்விப். பழைய புரோகிராம்களில் இந்த 15-ஐ நேரடியாகவே எழுதி வைத்திருப்பார்கள். 125% என்றால் 120 டி.பி.ஐ., 12 ட்விப். 150% என்றால் 144 டி.பி.ஐ., 10 ட்விப். இதுவரை எல்லாம் முழு எண். அதனால்தான் பல வருஷம் யாருக்கும் இது உறுத்தவில்லை.

200%-க்குப் போனதும் விஷயம் மாறுகிறது. அங்கே 192 டி.பி.ஐ., 1440-ஐ 192-ஆல் வகுத்தால் 7.5. ஆனால் ஒரு பிக்சலுக்கு எத்தனை ட்விப் என்று வி.பி.-யிடம் கேட்கும் வழியான ஸ்க்ரீன் ஆப்ஜெக்ட்டின் ட்விப்ஸ்பெர்பிக்சல்எக்ஸ் தருவது 7. இத்தனைக்கும் அந்த ப்ராப்பர்ட்டியின் டைப் சிங்கிள், தசமத்தைத் தாங்கக்கூடியது. இருந்தும் அரை ட்விப்பை அது வெட்டிவிடுகிறது. 640 பிக்சலுக்கு 4800 ட்விப் வர வேண்டும். 7-ஆல் பெருக்கினால் 4480. 320 ட்விப் எங்கேயோ போய்விட்டது. அரை ட்விப்தானே என்று விடக்கூடிய பிழை இல்லை இது, திரை பெரிதாகப் பெரிதாக இதுவும் சேர்ந்து வளரும்.

இதைக் கண்ணால் பார்ப்பதற்கே ஒரு வேலை இருக்கிறது. புரோகிராம் எழுதும் ஐ.டி.இ.-க்குள்ளேயே ஓட்டினால் எப்போதும் 15 என்றுதான் வரும். விஸ்டாவிலிருந்து, தனக்கு டி.பி.ஐ. தெரியும் என்று சொல்லாத புரோகிராமிடம் விண்டோஸ் 96 என்றே சொல்லிவிட்டு, வரைந்ததைப் பிறகு இழுத்துப் பெரிதாக்கிக் காட்டுகிறது. எழுத்தெல்லாம் மங்கலாகத் தெரிவதும் அதனால்தான். புரோகிராமைப் பற்றி விண்டோஸுக்குச் சொல்லும் மேனிஃபெஸ்ட் கோப்பில் டிபிஐ-அவேர் (டி.பி.ஐ. தெரியும்) என்று போட்டு, இ.எக்ஸ்.இ. ஆக்கி ஓட்டினால்தான் உண்மையான எண் கிடைக்கும். ஒவ்வொரு சின்ன மாற்றத்துக்கும் கம்பைல் செய்ய வேண்டும். பொறுமையைச் சோதிக்கிற வேலைதான், வேறு வழி இல்லை.

ட்விப் மதிப்பைக் கெட்டிவைஸ்கேப்ஸ் என்ற விண்டோஸ் ஃபங்ஷன் மூலம் நாமே கணக்கிடலாம். 88 என்று கேட்டால் கிடையான டி.பி.ஐ., 90 என்று கேட்டால் செங்குத்தானது. 1440-ஐ அதனால் வகுத்தால் 7.5 சுத்தமாக வந்துவிடும். ஆனால் ஓட்டை இருக்கும் கணக்கை ஒட்டுப்போட்டு ஓட்ட எனக்கு மனம் இல்லை. ஃபார்மின் அளவுக்கு ட்விப்பே வேண்டாம் என்று முடிவு செய்து, முழுக்க ஏ.பி.ஐ. பக்கம், அதாவது விண்டோஸின் சொந்த ஃபங்ஷன்கள் பக்கம், போய்விட்டேன். அங்கே எல்லாமே பிக்சல்.

வழி இதுதான். கெட்விண்டோரெக்ட் வெளி அளவைத் தரும், கெட்கிளையன்ட்ரெக்ட் உள் அளவைத் தரும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஓரம், தலைப்புப் பட்டை, மெனு எல்லாம் சேர்ந்தது. அந்த வித்தியாசத்தோடு 640-ஐயும் 480-ஐயும் கூட்டி செட்விண்டோபோஸுக்குக் கொடுத்தால் முடிந்தது. இடத்தையும் அடுக்கையும் மாற்றாதே என்பதற்கு 2-உம் 4-உம் சேர்த்து 6 என்று ஃபிளாக்.

உள் அளவைக் கொடுத்தால் வெளி அளவைக் கணக்கிட்டுத் தரும் அட்ஜஸ்ட்விண்டோரெக்ட் இருக்கும்போது ஏன் சுற்றிப்போகிறாய் என்று கேட்பீர்கள். மெனு ஒரே வரியில் இருக்கும் என்று நினைத்துத்தான் அது கணக்குப் போடுகிறது. மெனு இரண்டு வரியாக மடிந்தால் அதற்குத் தெரியாது. என் ஆட்டத்தில் மெனு நீளம், ஃபார்ம் டிசைன் நேரத்தில் சிறியது. அதனால் அளந்து பார்க்கும் முறையே நல்லது. இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. முதல் அளவின்போது ஃபார்ம் குறுகலாக இருந்து மெனு இரண்டு வரியாக மடிந்திருந்தால், வித்தியாசத்தில் இரண்டு வரி உயரமும் சேர்ந்துவிடும். ஃபார்ம் அகலமானதும் மெனு ஒரே வரிக்குத் திரும்பும், உள்பக்கம் அந்த ஒரு வரி அளவுக்குக் கூடுதல் உயரமாகிவிடும். அதனால் இதே வேலையை அடுத்தடுத்து இரண்டு தடவை செய்ய வேண்டும். இரண்டாம் தடவையில் மெனு தன் இடத்தில் நிலைத்திருக்கும், 480 சரியாக விழும். மொத்தத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி இந்த இரண்டாவது அழைப்புதான். யாராவது தேவையில்லை என்று நினைத்து அழித்துவிடக்கூடாதே என்று மேலேயே பெரிய கமென்ட் எழுதி வைத்திருக்கிறேன்.

படத்தின் அளவை எடுப்பதிலும் அலகு மாற்றம் உண்டு. கோப்பிலிருந்து படத்தை ஏற்றும் லோட்பிக்சர் தரும் படத்தின் அகலம் பிக்சலிலும் இல்லை, ட்விப்பிலும் இல்லை. ஹைமெட்ரிக், அதாவது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. அங்குலத்துக்கு 2540. 96 டி.பி.ஐ.-இல் 640 பிக்சல் படம் 16933 என்று வரும். திரும்பப் பிக்சலாக்கினால் 639.987. இங்கே தசமத்தை வெட்டும் இன்ட் போட்டால் 639, அருகிலுள்ள முழு எண்ணுக்கு மாற்றும் சி.எல்.என்.ஜி. போட்டால் 640. ஒரு பிக்சல் வித்தியாசம் முழுக்க இந்த இடத்தில்தான் ஒளிந்திருக்கிறது. இன்னொன்று, அளவு வைக்கும் வேரியபிள் எதையும் இன்டிஜராக அறிவிக்க வேண்டாம். 2560 பிக்சல் திரையில் 15-ஆல் பெருக்கினாலே 38400, இன்டிஜரின் எல்லை 32767. ஓவர்ஃப்ளோ என்று 6-ஆம் எண் பிழை வந்து நிற்கும். பெரிய எண்ணைத் தாங்கும் லாங் போடுங்கள்.

சோதித்துப் பார்க்கச் சென்னை ரிச்சி தெருவில் பழைய 17 அங்குல எல்.சி.டி. மானிட்டர் ஒன்று வாங்கினேன். 1280×1024 திரை. கணக்குப் போட்டால் அங்குலத்துக்கு 96 பிக்சலுக்கு மிகக் கொஞ்சம்தான் கூட. அதாவது விண்டோஸ் சொல்கிற அங்குலமும் கையிலிருக்கும் ஸ்கேலில் இருக்கிற அங்குலமும் ஏறக்குறைய ஒன்றேதான். ஃபார்மில் ஒரு அங்குலக் கோடு வரைந்து ஸ்கேலை வைத்துப் பார்த்தால் பொருந்துவது பார்க்கவே அழகாக இருக்கிறது. 15.6 அங்குலத்தில் 1920×1080 இருக்கும் லேப்டாப்பில் அங்குலத்துக்கு ஏறத்தாழ 141 பிக்சல், அங்கே 100%-இல் இதே கோடு சுண்டிப்போய்த் தெரியும். பழைய மானிட்டர் வாங்குவதாக இருந்தால் இந்த 17 அங்குல 5:4 வகையைத் தேடுங்கள். கடையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லி, ஓரங்களில் வெளிச்சம் சமமாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

அளவு சரியானதும் அடுத்த ஆசை வந்துவிட்டது. 200% திரையில் 640×480 தபால் தலை மாதிரி இருக்கிறது. பலகையை 1280×960-ஆக வரைந்து, டி.பி.ஐ.-ஐப் பார்த்து பெயின்ட்பிக்சரால் சுருக்கிக்கொள்ளலாம் என்று யோசனை. புள்ளிகளின் இடங்களையும் அதே விகிதத்தில் பெருக்க வேண்டும். மூன்று புலியையும் பதினைந்து ஆட்டையும் தனித்தனிப் படமாக, பின்னணியை மறைக்கும் மாஸ்க்கோடு இரண்டு அளவில் வரைய வேண்டியிருக்கிறது. புலிக்கு மஞ்சளும் கறுப்பும் எடுத்தாயிற்று, ஆட்டுக்கு வெள்ளையா பழுப்பா என்று இன்னும் முடிவாகவில்லை. வெட்டும் கணக்கு, அதாவது புலி ஆட்டைத் தாண்டும் இடம், பாதி எழுதியபடி நிற்கிறது. அதை அடுத்த வாரம் தொடுகிறேன், முதலில் ஆட்டை வரைந்துவிடுகிறேன்.