ஸ்கோபஸ்ல நான் மூணு ஆள்

போன வருஷம் காலேஜ்ல ப்ரமோஷனுக்கு அப்ளை பண்ணப்போ பப்ளிகேஷன் லிஸ்ட் கேட்டாங்க. சின்னப் பசங்களுக்குப் பேச்சு எப்படி வருது, வீட்டுல காதுல விழற மொழி என்னென்ன பண்ணுதுன்னு 16 வருஷமா இதே வேலைதான் பாக்கறேன், லிஸ்ட்தானே ஒரு சாயங்காலம் உக்காந்தா முடிஞ்சிடும்னு நெனச்சேன். ரெண்டு மாசம் இழுத்துடுச்சு.

மொதல்ல பேர். நம்ம ஊர்ல அப்பா பேரோட முதல் எழுத்துதான் இனிஷியல், ஜர்னல்காரங்களுக்கோ சர்நேம் வேணும். அதனால சில பேப்பர்ல இனிஷியலோட இருக்கேன், சிலதுல அப்பாவோட முழுப்பேர் கடைசில வந்து அவரே எழுதின மாதிரி இருக்கு, கல்யாணத்துக்கு அப்புறம் வந்த ரெண்டுல வீட்டுக்காரர் பேர். ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் தொகுத்து வைக்கற ஸ்கோபஸ் தளத்துல தேடினா நான் மூணு ஆள், ஒவ்வொருத்தருக்கும் தனி ஹெச்-இண்டெக்ஸ், அதாவது எத்தனை பேப்பரை எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்காங்கன்னு பாத்துப் போடற எண். கூகுள் ஸ்காலர்ல அப்படியே தலைகீழ், அதே இனிஷியல் அதே பேர்ல யாரோ எழுதின மண் பரிசோதனைக் கட்டுரையெல்லாம் என் கணக்குல ஏறியிருந்துச்சு. பேர் மாறினவங்க வேற இல்லாம இல்ல: இல்லாத வார்த்தையைச் சொல்லி பசங்களுக்கு இலக்கணம் தெரியுதான்னு பாக்கற வக் டெஸ்ட் பேப்பர் 1958ல வந்தப்போ அத எழுதினவங்க பேர் ஜீன் பெர்கோ, பிற்பாடு ஜீன் பெர்கோ கிளீசன், ஆனா அவங்கள இந்தத் துறையில தெரியாதவங்க இல்ல. நமக்கு அப்படியா?

இதுக்குத்தான் ஆர்க்கிட்னு ஆராய்ச்சி பண்றவங்களுக்கான அடையாள எண் இருக்கு, இலவசம்தான், 16 இலக்க நம்பர் ஒண்ணு தருவாங்க, அதுல மத்த பேர்கள்னு ஒரு இடம் இருக்கும், நீங்க எந்தெந்த மாதிரி அச்சாகியிருக்கீங்களோ அத்தனையும் அங்க போட்டுடுங்க. ஸ்கோபஸ்ல மூணு ப்ரொஃபைலையும் தேர்ந்தெடுத்து ஒண்ணா சேர்க்கச் சொல்லி ரிக்வெஸ்ட் போட்டேன், மூணு வாரம் ஆச்சு. ஸ்காலர்ல ஒவ்வொண்ணா நானே நீக்கினேன்.

அடுத்தது மார்க். யுஜிசி 2018 விதிப்படி எங்க பிரிவுல ஒரு பேப்பருக்கு 10 பாயிண்ட். ரெண்டு பேர் எழுதினா ஆளுக்கு 70 சதவீதம், அதுக்கு மேல ஆள் இருந்தா முதல் பேருக்கு 70, மத்தவங்களுக்கு 30. ஒரு பேப்பருக்காக பதினோரு மாசம் வீடு வீடா போய் ரெக்கார்ட் பண்ணி, அரை மணி நேரப் பேச்சை எழுத்துல கொண்டுவர ஒரு முழு நாள் உக்காந்தது நான், நாலு பேர்ல என் பேர் மூணாவது. களத்துல அலையறவங்கள இந்தக் கணக்கு கவனிக்கறதே இல்ல, இது அநியாயம்னுதான் சொல்லுவேன்.

என் முதல் பேப்பர்தான் பெரிய பாடு. 2009ல அச்சுல மட்டும் வந்த ஒரு சின்ன ஜர்னல், இப்ப அது நின்னே போச்சு. டிஓஐன்னு கட்டுரைக்குத் தர்ற நிரந்தர இணைய எண் இல்ல, லிங்க் இல்ல, லிங்க் இல்லாம ஏத்துக்க முடியாதுன்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. என்கிட்ட இருந்த காப்பி 2015 வெள்ளத்துல போயிடுச்சு, அப்ப சைதாப்பேட்டைல தரைத்தளத்துல இருந்தோம், மூட்டையா கட்டி வெளிய போட்டதுல அதுவும் ஒண்ணு.

எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்கு நாட்டுல அச்சாகற புத்தகம், பத்திரிகையெல்லாம் அனுப்பணும்னு சட்டமே இருக்கேன்னு அப்பதான் ஞாபகம் வந்துச்சு. எழும்பூருக்கு மூணு தடவை போனேன். மூணாவது தடவை அங்க வேலை பாக்கற அண்ணன் ஒருத்தர் பைண்ட் பண்ண வால்யூம் ஒண்ண தூசி தட்டி எடுத்துட்டு வந்து "இதுவா பாருங்கம்மா"ன்னாரு.

நின்னுக்கிட்டே படிச்சேன். வியாசர்பாடி அங்கன்வாடிப் பசங்க. வாழைப்பழம் படத்தைக் காட்டினா நாலு வயசுப் பையன் "வாயப்பயம்"னான். அப்போ கைல இருந்த டெஸ்ட்படி அது தப்பு, ழ வரலன்னு குறிக்கணும். ஆனா அவன் அம்மாவும் "வாயப்பயம்"தான், பாட்டியும் அப்படித்தான். அவன் கேட்டத அச்சு அசலா கத்துக்கிட்டிருக்கான், அவனுக்கு எந்தக் குறையும் இல்லன்னுதான் அந்த ஆறு பக்கத்துலயும் எழுதியிருந்தேன். அத இப்பவும் அப்படியே நம்பறேன், இந்தச் சின்ன விஷயம் தெரியாம எத்தனை புள்ளைங்கள பேச்சு வரலன்னு ஒதுக்கி வச்சாங்களோன்னு நெனச்சா இன்னிக்கும் மனசு கேக்காது.

ஜெராக்ஸ் எடுத்து அப்ளிகேஷனோட சேர்த்தேன், அதுக்கு பாயிண்ட் எதுவும் போடல, ப்ரமோஷன் மத்த பேப்பர்களால வந்துச்சு. ஆனா லிஸ்ட்ல வரிசை எண் 1 அதுதான், லிங்க் கேக்கற கட்டத்துல கன்னிமாரா நூலகம், எழும்பூர்னு எழுதியிருக்கேன்.